கையைக் கட்டிக்கொண்டவள்

"காலங்காத்தால எங்கம்மாவுக்கு நாலு வாய் ஊட்டறதுக்குள்ள உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?"

படுக்கையறை வாசலில் நின்று கணவர் கேட்டார். பஸ் ஓட்டுகிற மனுஷர். முந்தின நாள் கடைசி நடையை முடித்து, வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்து படுத்தவர், கிண்ணத்தில் கரண்டி படும் சத்தத்தில் எழுந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. குரலிலும் அந்தச் சிவப்பு இருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸ் சீருடை மேல் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு மாமியாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த மாமியார் வாயைத் திறப்பதும், மெல்லுவதும், மறுபடி திறப்பதுமாக இருந்தார். அவருடைய வலது கை, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

"அவசரமெல்லாம் இல்லைங்க. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு..."

"ஷிஃப்ட்டு! இந்த வார்த்தை வீட்டுக்குள்ள வந்ததுலருந்து நிம்மதியே போச்சு!"

இத்தனை வருஷமாய் அவரும் ஷிஃப்ட்டில்தான் பஸ் ஓட்டுகிறார் என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? ஆண்பிள்ளை போனால் அது பிழைப்பு, பெண்பிள்ளை போனால் அது பிடிவாதம். அப்படித்தான் போலிருக்கிறது!

"பாப்பா நேத்து போன் பண்ணா. 'அம்மாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குதா அண்ணா'ன்னு கேக்கறா. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு!"

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய ஒரே தங்கை. நரைக்கு மை போட ஆரம்பித்து நாளாகிவிட்டது, ஆனாலும் அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். ஊரின் மறுகோடியில் துணி தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். அம்மா மேல் உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டு அடுத்தவர் உயிரை எடுப்பாள் என்பதுதான் ஒரு சின்னக் குறை.

மருமகள் மாமியாரின் வாயைத் துடைத்துவிட்டாள். "மத்தியானம் வந்துடறேன் அத்தை," என்றாள். மாமியார் "ம்" என்றார். அவருக்கு இருந்த பேச்சு அவ்வளவுதான். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பேச்சு இணைத்துக் கொடுத்தவர்! பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் நாக்கையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த ஒரே நாள் மருமகளிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். 'அந்த சிஸ்டரை வரச் சொல்லுங்க, அவங்க ஊசி போட்டா வலிக்காது' என்று நோயாளிகள் கேட்டு வாங்கிக்கொண்ட கை அவளுடையது. கணவரோடு இந்த நாட்டுக்கு வந்தபோது அந்தக் கைக்கு இங்கே மதிப்பில்லை என்று தெரிந்தது. இங்கே நர்ஸாக வேண்டுமென்றால் முதலில் அவர்கள் பாஷையில் தேர்வு எழுதித் தேற வேண்டும். பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் மேற்பார்வையில் சில மாதம் வேலை செய்து காட்ட வேண்டும். மகளை வளர்த்துக்கொண்டே, சமையலுக்கு நடுவே வாய்க்குள் வராத வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே, அவள் தேறினாள். ஆஸ்பத்திரியில் இடமும் கிடைத்தது. சேர வேண்டிய வாரத்தில் மாமியார் குளியலறையில் விழுந்தார்.

அன்றைக்குப் பாப்பா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கதறினாள். "அண்ணி... எங்கம்மாவை உங்க கையில ஒப்படைக்கிறேன். நீங்கதான் அண்ணி எங்க குலதெய்வம்!"

தெய்வமானவள் வேலைக்குப் போக முடியுமா? வீட்டோடு இருந்தாள். குளிப்பாட்டினாள், துடைத்தாள், ஊட்டினாள். எழுதிய தேர்வு காலாவதியானது. மகள் படிக்க விடுதிக்குப் போன பிறகு, மறுபடி முதலிலிருந்து எழுதித் தேறினாள். இந்த முறை ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டு இத்தனை வருஷம் இருந்தவர்களுக்கு இது ஒரே வாய்ப்பு, இதற்கப்புறம் கிடையாது. இதைப் பாதியில் விட்டால் இந்த நாட்டில் அவள் ஒருநாளும் நர்ஸாக முடியாது.

*

அவளுக்குக் கிடைத்தது, பக்கவாதம் வந்தவர்களைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் வார்டு. இது நமக்குக் கைவந்த வேலை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். அந்த நினைப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெயிண்டர் இருந்தார். சுவருக்கு வண்ணம் அடிப்பவர். ஏணி மேல் நின்று வேலை செய்த ஆள், இப்போது கரண்டியைக் கிண்ணத்திலிருந்து வாய்வரை கொண்டுபோக முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பாதி வழியில் கை வெடவெடவென்று நடுங்கும். எல்லாம் மார்பில் கொட்டும். மறுபடி ஆரம்பிப்பார். அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. யார் பெற்ற பிள்ளையோ... சுற்றிலும் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் ஈரம் இல்லையே! பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் விரல்களை மெல்லப் பிரித்துக் கரண்டியை வாங்கிக்கொண்டாள். சிந்தாமல் சிதறாமல் ஊட்டினாள்.

இரண்டு வாய் வாங்கினார் பெயிண்டர். மூன்றாவதற்கு உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வார்டுக்குப் பொறுப்பானவள் அவளைவிட வயதில் சின்னவள், ஆனால் பனைமர உயரம். இவள் மனசுக்குள் அவளுக்கு 'நெட்டை' என்று பேர் வைத்திருந்தாள். நெட்டை அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு அவர் மேல இரக்கம். அது எனக்குப் புரியுது," என்றாள் அந்த நாட்டுப் பாஷையில், ஒவ்வொரு வார்த்தையாக. "ஆனா அந்தக் கரண்டியைத் தூக்கறதுக்கு அவர் எத்தனை நாள் பாடுபட்டார் தெரியுமா? நீங்க அதைப் பிடுங்கிட்டீங்க."

"பிடுங்கலை... உதவிதானே செஞ்சேன்?"

"அவர் முகத்தைப் போய்ப் பாருங்க. உதவி வாங்கின முகமா அது?"

அவளுக்குக் கன்னம் எரிந்தது.

"பழக்கத்துல உங்க கை முன்னால வருது. அதனால சாப்பாட்டு நேரத்துல கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க. புரை ஏறினா, கீழே சாய்ஞ்சா மட்டும் கை முன்னால வரட்டும். நாம செய்யாம விடற வேலை, அந்தக் கைக்குக் கிடைக்கிற வேலை. புழங்காத கை செத்துப்போயிடும். உங்களால பார்த்துக்கிட்டு நிக்க முடியலைன்னா, நான் உங்களைத் தேர்ச்சின்னு சொல்ல முடியாது."

புழங்காத கை செத்துப்போயிடும்... அன்று பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். நடந்து திரும்பி வந்தாள். கண் முன்னால் மாமியாரின் கைதான் கிடந்தது. ஆரம்பத்தில் அந்தக் கை கொஞ்சம் அசைந்தது! பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். 'கரண்டியை அவங்க கையில குடுங்க, கஷ்டப்படட்டும்' என்றாள். மாமியார் அழுதார். 'எங்கம்மாவை அழ வைக்கிறதுக்கு ஒரு ஆளா!' என்று பாப்பா அந்தப் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு இவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குள் இருந்த நர்ஸுக்கு எல்லாம் தெரியும். மருமகளுக்குத்தான் தைரியம் வரவில்லை. திறந்திருந்தால், 'மாமியாருக்குச் செய்யக் கசக்குது' என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்குமே! நல்ல பேர் வாங்குவதற்காகக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவள்தான், இன்றுவரை கீழே வைக்கவில்லை.

*

அன்றைக்கே கணவரிடம் சொன்னாள். "என்னங்க, அத்தைக்குக் கைப்பழக்கம் குடுக்கப் போறேன். கொஞ்ச நாள் சிந்தும், அழுவாங்க. நீங்க தப்பா நினைக்கக்கூடாது."

"ம்... என்னமோ பண்ணு," என்றார் அவர், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. மத்தியான ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் அவசரம். காதில் விழுந்ததா என்பது அவருக்கே தெரியாது.

மாமியாரை மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தாள். வழுக்காமல் இருக்கத் தட்டுக்குக் கீழே ஈரத்துணி விரித்தாள். பிடிக்கச் சுலபமாகக் கரண்டிக் காம்பில் துணி சுற்றினாள். பருப்புச் சோறு குழைவாக. அந்தக் கரண்டியை வலது கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அத்தை... இனிமே முதல் கொஞ்சம் நீங்களா சாப்பிடணும். மீதியை நான் ஊட்டறேன். சரியா?"

மாமியார் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கன்னத்தில் அறை வாங்கிய குழந்தையின் பார்வை அது. வாயைத் திறந்து காத்திருந்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். திறந்த வாய் திறந்தபடி இருக்க, கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அன்றைக்கு அவள் தோற்றுப்போய் ஊட்டிவிட்டாள்.

மறுநாள் கரண்டியை இடது கையால் எடுத்து வீசினார் மாமியார். அது அடுப்படிவரை போய் விழுந்தது. "வீசறதுக்குத் தெம்பு இருக்கே, அது போதும்," என்று சிரித்துக்கொண்டே எடுத்து வந்தாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொண்டவரைப் பட்டினி போடுவதுபோல் நிற்பது என்ன சாதாரணமா?

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அதே மேஜை, அதே சண்டை. ஒருநாள் கரண்டி தட்டைவிட்டு எழும்பியது. இன்னொரு நாள் மார்புவரை வந்தது. ஒருநாள்... உதட்டைத் தொட்டது! ஒட்டிக்கொண்டிருந்த நாலு பருக்கையை நாக்கால் வழித்துத் தின்றார் மாமியார். தின்றுவிட்டு மருமகளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்! "அத்தை!" என்று கத்தியபடி அவர் தலையைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நாளில் பாப்பா வந்திருக்கக்கூடாதா? வந்தது அதற்கு அடுத்த நாள்.

அடுத்த நாள் எதுவும் சரியாக வரவில்லை. ஒருநாள் ஏறினால் ஒருநாள் சறுக்கும், வார்டில் தினமும் பார்ப்பதுதான். கரண்டி கவிழ்ந்து கவிழ்ந்து, மாமியாரின் முகவாய், ரவிக்கை, மடி எல்லாம் சோறு. ஆத்திரத்தில் ஓவென்று அழுதுகொண்டிருந்தார். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது.

"அம்மா!!"

பாப்பா கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கும் அழுகை பொங்கியது.

"எங்கம்மா கதறிக்கிட்டு இருக்காங்க... நீங்க கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கறீங்களா அண்ணி?"

"பாப்பா, கொஞ்சம் கேளும்மா... இது ஒரு பயிற்சி. அவங்களா சாப்பிட்டாத்தான் கை..."

"பயிற்சியா! வராத கைய வச்சுக்கிட்டு வாய்க்கும் மடிக்கும் போராடறாங்க, இதுக்குப் பேரு பயிற்சியா? சம்பளத்துக்கு வேத்து ஆளுங்களுக்குப் பாத்திரமேந்தி ஊட்டறீங்க, வீட்டுல பெரியவங்களுக்கு ஊட்ட உங்க கை நோகுதா?"

"அங்கேயும் நான் ஊட்டறதில்லை பாப்பா. அதைத்தான் சொல்ல வரேன்..."

"அப்ப அங்கேயும் இப்படித்தான் நிக்கறீங்களா? அடப்பாவமே! உங்களைத் தெய்வம்னு சொன்னேனே... இந்த வாயால சொன்னேனே!"

பாப்பா அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் பஸ்ஸை மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். வந்தவர் பார்த்தது சோறு சிந்திய தரையையும், தேம்பிக்கொண்டிருந்த அம்மாவையும்தான்.

"என்னடி இது?"

"அன்னைக்கே சொன்னேனேங்க... கைப்பழக்கம்னு..."

"எப்ப சொன்ன?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. அதற்குமேல் என்ன பேசுவது? ஆனாலும் பேசினாள். இத்தனை நாள் ஊட்டியதுதான் தப்பு, இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். அதுவே அவளுக்கு வினையாக வந்தது.

"ஓஹோ! அப்ப இத்தனை வருஷம் தப்பா செஞ்சியா? அதையும் உன் வாயாலேயே சொல்றே. நாளைக்கு இதுவும் தப்புன்னு சொல்லுவே. அதுவரைக்கும் எங்கம்மா உனக்குப் பாடமா?"

"அண்ணா, ஒன்னும் பேச வேணாம். அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

சக்கர நாற்காலியைத் திருப்பியபோது மாமியார் இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ம்... ம்..." என்று தலையை ஆட்டினார். பாப்பா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "பாருங்கண்ணா, எப்படிப் பயந்துபோயிருக்காங்க! ஒன்னுமில்லைம்மா, நான் இருக்கேன்."

கதவு மூடியபின் கணவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாளைக்குப் போய் வேலைய விட்டுடறேன்னு சொல்லிட்டு வந்துடு."

"மாட்டேங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு ஒரு கணம் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"என்ன சொன்ன?"

"அன்னைக்கு விட்டேன். யாரும் கேக்காமலே விட்டேன். இன்னைக்கு விட்டா, நான் செஞ்சது கொடுமைதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. கொடுமை இல்லைங்க அது... எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் வேலை. அதை முதல்முறையா நம்ம வீட்டுல செஞ்சேன், அவ்வளவுதான்." குரல் உடைந்தது. "என்னை என்ன வேணா சொல்லுங்க. வேலைய விட மாட்டேன்."

"அப்ப நானும் ஒன்னும் பேசறதுக்கில்லை," என்று எழுந்து போனார்.

பேசவும் இல்லை. வீட்டில் இரண்டு பேர், இரண்டு தட்டு, ஒரு வார்த்தை கிடையாது. மாமியாரின் நாற்காலி இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வேலை முடிந்து வந்தால் கை சும்மா இருக்க மாட்டாமல், துவைத்த துணியையே மறுபடி மடித்து வைத்தாள். மகள் போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா, அழு. வேணாங்கலை. ஆனா வேலைக்குப் போய்ட்டு வந்து அழு," என்றாள். தெளிவான பிள்ளை. அம்மாவும் அதன்படியே செய்தாள்.

சில சமயம் அவளுக்கே சந்தேகம் வந்தது. அத்தை வயசுக்கு இது தேவையா? வாயைத் திறந்தால் சோறு வருகிற சுகத்தைக் கெடுத்து, நாம் கண்டது என்ன? நாலு பருக்கை... நாலு பருக்கைக்காகவா ஒரு குடும்பத்தை உடைத்தோம்?

*

சனிக்கிழமை மத்தியானம் வார்டு கதவுக்கு வெளியே கணவர் வந்து நின்றார். அவள் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. கதவில் இருந்த கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தார்.

ஜன்னலோரத்தில் அந்தப் பெயிண்டர் கரண்டியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவருடைய மனைவி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. நிற்கிற அதே தோரணை. பாப்பா சொன்னாளே, வேடிக்கை பார்க்கிறாள் என்று, அதே தோரணை! ஆனால் கதவு இருந்தது அவள் முதுகுப் பக்கம். பின்னால் கட்டியிருந்த கைகள் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன. ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. பெயிண்டரின் கரண்டி எழும்பும்போதெல்லாம் அவளுடைய கை முன்னால் பாயத் துடித்தது, மற்றது அதை இழுத்துப் பிடித்தது. விரல் நுனிகள் வெளுத்துப்போயிருந்தன. கரண்டி வாய்க்குள் போனபோது அவள் தோள்கள் தளர்ந்தன. பெயிண்டர் அவளை நிமிர்ந்து பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார்.

அவள் வெளியே வந்தபோது அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க," என்றார். "பாப்பா நேத்திலருந்து கரண்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கறா, வாயவே திறக்கலையாம். பாலும் தண்ணியும்தான் உள்ள போகுது. டாக்டர் வந்து பார்த்துட்டு உடம்புக்கு ஒன்னுமில்லைன்னுட்டார். அவ போன்ல அழறா... உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றா."

ஷிஃப்ட் முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காரில் போகும்போது வெகுநேரம் சாலையையே பார்த்து ஓட்டினார். ஊரையே ஏற்றி இறக்கும் டிரைவருக்கு அன்றைக்கு ஒரு கியர் சரியாக விழவில்லை.

"உன் கை... அங்க பின்னால நடுங்கிக்கிட்டு இருந்துச்சு," என்றார்.

"ம்."

"நம்ம வீட்டுலயும் அப்படித்தான் நடுங்குச்சா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் குழாய்ச் சத்தத்துக்குள் அழுததெல்லாம் சேர்ந்து வந்தது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

*

பாப்பா வீட்டின் முன்னறை முழுக்கத் துணி மூட்டைகள். தையல் மெஷின் உறை போட்டுக் கிடந்தது. இரண்டு நாளாய் வேலை நடக்கவில்லை. மாமியார் மேஜைக்கு முன்னால், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. பாப்பாவின் கண் வீங்கியிருந்தது.

"என்ன பண்ணீங்க எங்கம்மாவை? வந்த அன்னைக்கு என் கையால சாப்பிட்டாங்க... மறுநாளே குறைச்சாங்க... நேத்திலருந்து கரண்டியைக் கொண்டுபோனா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கறாங்க. என்ன சொல்லி வச்சீங்க அண்ணி?"

முகத்தைச் சுவர் பக்கமா! அன்றைக்குப் பெயிண்டரும் அப்படித்தான் திரும்பிக்கொண்டார். ஒரே எட்டில் மாமியார் முன்னால் போய் மண்டியிட்டாள். மாமியாரின் கண் அவளைக் கண்டது. வலது கை மடியிலிருந்து எழும்பி, மேஜை மேல் தடுமாறி விழுந்தது. ஒரு விரல் மட்டும் தட்டுப் பக்கம் நீண்டது. கரண்டி பாப்பாவின் கையில் இருந்தது.

"பாப்பா... கரண்டியை அவங்க கையில குடும்மா."

"மறுபடியுமா!"

"குடு பாப்பா," என்றார் அண்ணன். அந்தக் குரலைக் கேட்டுப் பாப்பா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். கரண்டியைக் கொடுத்தாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக மூடின. கரண்டி சோற்றைக் கிளறியது. எழும்பியது... கவிழ்ந்தது. பாப்பா "ஐயோ" என்று பாய்ந்தாள். "வேணாம்! கையைப் பின்னால கட்டிக்கோ," என்றாள் அவள். பாப்பா கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் அது என்ன பாடு என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் தடவையும் கொட்டியது. பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதாள். ஆனால் நின்றாள்.

மூன்றாம் தடவை கரண்டி வாய்க்குள் போய்விட்டது.

மாமியார் மென்றார். விழுங்கினார். மகளைப் பார்த்து "ம்!" என்றார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒருகாலத்தில் மேலதிகாரியையே மிரட்டிய அம்மாவின் அந்தப் பழைய மிடுக்கைப் பாப்பா ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்தாள்.

"பசி இருந்துச்சா உனக்கு... ஊட்ட வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டியாம்மா? அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தியா? நான்... நான் உன் வாயைப் பிரிச்சுத் திணிக்கப் பார்த்தேனே!" பாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அண்ணி... கொடுமைக்காரின்னு ஊரெல்லாம் சொன்னேன் அண்ணி... என்னை மன்னிச்சிடுங்க..."

அவள் பாப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவே இல்லை.

"மன்னிக்க என்ன இருக்கு? எனக்கு முன்னாடியே தெரியும் பாப்பா. ஒரு நர்ஸுக்கு இது தெரியாம இருக்குமா? நீங்கல்லாம் என்ன சொல்வீங்களோன்னு பயந்தேன். பயந்து பயந்து ஊட்டினேன். அப்பவே விட்டிருந்தா இந்தக் கை இந்நேரம் தலை வாரியிருக்கும், பித்தான் போட்டிருக்கும். இனிமே அவ்வளவு வராது... இந்தச் சாப்பாடு மட்டும்தான் வரும். வீணாப் போன வருஷமெல்லாம் போனதுதான்."

"உங்களைப் பயப்பட வச்சது யாரு? நாங்கதானே," என்றார் கணவர். அவர் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால், யாரும் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் நின்றிருந்தார். அவளை 'உங்களை' என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. "திங்கக்கிழமைலருந்து உன்னை நானே கொண்டுபோய் விடறேன். காலைல அம்மாகூட நான் உக்கார்றேன்."

"நீங்க தூங்கி வழிவீங்க அண்ணா. நான் வரேன்," என்றாள் பாப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "மெஷினை அங்க தூக்கிட்டு வந்துடறேன். அண்ணி ஒருநாளும் லீவு போடக்கூடாது. படிச்ச படிப்பு இன்னொரு தடவை வீணாப் போச்சுன்னா அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது."

பேசிக்கொண்டிருந்தவர்களை மாமியார் "ம், ம்" என்று நிறுத்தினார். அவர் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்தவள், சீருடைகூட மாற்றவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம் எப்படி இருக்கும் என்று அந்த வயதான கண்ணுக்குத் தெரியாதா? கரண்டி மறுபடி தட்டுக்குள் போனது. எழும்பியது. ஆனால் இந்தத் தடவை அது அவருடைய வாய்ப் பக்கம் போகவில்லை.

"அத்தை... எனக்கா?"

கரண்டி நடுங்கிக்கொண்டே மேஜையைக் கடந்தது. வழியெல்லாம் சோறு உதிர்ந்தது. தாங்கிப் பிடிக்க அவள் கை தானாக எழும்பியது. பாப்பா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளுக்கு ஒருவரும் ஊட்டியதில்லை. கன்னத்தில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. இரண்டு பருக்கையோடு அந்தக் கரண்டி வந்து சேர வெகுநேரம் ஆனது, அதுவரை அந்த அறையில் யாரும் கை நீட்டவில்லை.